ஒரு தோல் ஜக்கெட்டும் அதைப் போட்டவர்களும்

எங்கள் படப்பிடிப்பாளர் சங்கம் மலர் ஒன்று வெளியிடப் போகிறது. அதற்குக் கட்டுரை கேட்டுச் சங்கத் தம்பிமார் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "பிலிம் கழுவுற இருட்டறையைப் பற்றி எழுதுங்கோ அக்கா, இப்பத்தைப் பிள்ளையளுக்கு அது தெரியாது" என்றார்கள். ஓம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பிறகொரு நாள் அவர்களில் ஒருவருடைய ஸ்ரூடியோவுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் பழைய ரீசேர்ட்டோடு வந்து உட்கார்ந்தார். கணினியில் இரண்டு தட்டு. படத்தில் அவருக்குக் கோட்டும் கழுத்து ரையும் வந்துவிட்டன. நல்ல பொருத்தம், தோள் மடிப்பில்கூடப் பிசகில்லை. படத்தை வாங்கிக்கொண்டு அவர் வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார். அந்தக் கோட்டு கனமானதா, முதுகில் இறுக்கியதா என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

அன்றைக்குப் பிறகு இருட்டறையைப் பற்றி எழுத எனக்கு மனம் ஓடவில்லை. ஒரு உடுப்பைப் பற்றித்தான் எழுத வருகிறது. தம்பிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஊர் சண்டிலிப்பாய். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு யாழ்ப்பாணப் பட்டணத்தில் செபமாலை மாஸ்டரின் ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். படமெடுக்க வரும் பெண்களுக்குச் சீலை மடிப்புச் சரிசெய்யவும் நகை பூட்டிவிடவும் ஒரு பெண் ஆள் தேவைப்பட்டது. கொஞ்சக் காலத்தில் மாஸ்டர் என் கையில் தூரிகையையும் தந்தார். கழுவிக் காயவைத்த படங்களில் வெள்ளைப் புள்ளிகள், கீறல்கள் இருக்கும். மெல்லிய தூரிகை நுனியில் மையைத் தொட்டு, அதை நாக்கில் ஒற்றி ஈரத்தைச் சரிசெய்து, புள்ளி புள்ளியாக வைத்து மறைக்க வேண்டும். அதைப் பழகிய கதையை எழுதினால் அதுவே ஒரு மலராகிவிடும், விடுவோம்.

மாஸ்டர் குருநகர் ஆள். எந்த நேரமும் முழங்கை வரைக்கும் மடித்த வெள்ளைச் சேர்ட்டுத்தான். அதிகம் கதைக்க மாட்டார். ஆட்களின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்யும்போது விரலால் தொடாமல் புறங்கையால் மெல்லத் தட்டிவிடுவார். "சிரியும்" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. படக்கருவிக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டு, "நீர் இப்ப எங்கை போறீர்?" என்று கேட்பார். ஆள் திகைத்து ஒரு பதிலைத் தேடும். கண் எங்கேயோ போகும். அந்தக் கணத்தில் எடுத்துவிடுவார். எங்கள் ஸ்ரூடியோப் படங்களில் எல்லோரும் எங்கோ புறப்பட்டவர்கள் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஸ்ரூடியோவின் உள்நடைச் சுவரில் ஒரு கறுப்புத் தோல் ஜக்கெட் தொங்கியது. கப்பலில் வேலைசெய்த மாஸ்டரின் மைத்துனர் எந்தத் துறைமுகத்திலோ வாங்கி, போட்டுத் தேய்த்து, கடைசியில் இங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனது. இடுப்போடு நிற்கும் வெட்டு, அகலமான கழுத்துப்பட்டி, குறுக்கே இழுத்துப் பூட்டும் சிப். கழுத்துப்பட்டியின் இடது முனை கிழிந்திருந்தது. சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்தபோது அவரிடம் கறுப்புத் தோல் இருக்கவில்லை. மண்ணிறத் தோலில் முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கறுப்புப் பொலிஷ் பூசித் தந்தார். கண்ணுக்குத் தெரியாது. படத்தில் மட்டும் வெளிறித் தெரியும்.

எங்கள் தெரு முடிவில் ஒரு தியேட்டர் இருந்தது. ஆங்கிலப் படங்களில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இந்த மாதிரி ஜக்கெட்டைத்தான் போட்டார்கள். பிறகு தமிழ்ப் படங்களிலும் வந்தது. ஒரு பாட்டுக்கும் ஒரு சண்டைக்கும் வந்தாலே போதும். கதாநாயகன் படத்துக்குப் படம் மாறினான், ஜக்கெட் மாறவில்லை. பகல் காட்சி முடிந்ததும் இளம் பெடியள் நேரே எங்களிடம் வருவார்கள். வாசலில் நின்று, "அக்கா, அது இருக்கோ?" என்று மட்டும் கேட்பார்கள். எது என்று நான் கேட்பதில்லை.

அதைப் போட்டுவிடுவதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் முகம் கழுவ வேண்டும். பிறகு கழுத்தில் பவுடர். வியர்வை தோலில் படாமல் ஒரு பழைய பருத்தித் துணியைக் கழுத்தைச் சுற்றி உள்ளுக்குள் மடித்துவிடுவேன். கையை நுழைத்ததும் எல்லோரும் ஒரே மாதிரி ஒன்றைச் செய்வார்கள். தோளை ஒருமுறை உயர்த்தி இறக்குவார்கள். அது லேசான உடுப்பில்லை. அதன் பாரம் தோளில் இறங்கியதும் கூனி நின்றவனும் நிமிர்வான். யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில், காற்றாடியையும் தலைமயிர் கலையாமலிருக்க நிறுத்திய அறையில், விளக்குகளுக்கு நடுவே வியர்த்து ஒழுகிக்கொண்டு அவர்கள் பனிநாட்டு வீரர்கள் மாதிரி நின்றார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. கதவைத் திறந்து வெளியே போகும்போது மறுபடியும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறவனாக, கடை திறக்கப் போகிறவனாக ஆகிவிடுவார்கள். அதனால்தான் ஜக்கெட்டைக் கழற்றச் சொல்லி ஒருவரையும் நான் அவசரப்படுத்தவில்லை.

கழற்றிய பிறகு உள்துணியைத் துடைத்து நிழலில் தொங்கவிட வேண்டும். மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் துடைப்பேன். படம் தயாரானதும் ஒவ்வொரு பிரதியிலும் அந்த முக்கோண ஒட்டைத் தூரிகையால் மறைப்பேன். எத்தனை படங்கள் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டும் அந்த மூலையை என்னால் வரைய முடியும்.

ஒருநாள் வசதியான வீட்டுப் பெடியன் ஒருவர் முறைக்காகக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் ஜக்கெட்டைப் போட்டுக் கழற்றியவர் ஒரு கூலித் தொழிலாளி. இவர் முகத்தைச் சுளித்து, "உவன் ஆரெண்டு தெரியுமோ மாஸ்டர்? உவன் போட்டதையோ நான் போடுறது?" என்றார். மாஸ்டர் விளக்கைச் சரிசெய்துகொண்டே திரும்பாமல் சொன்னார்: "தம்பி, இந்தத் தோலை முதல் முதல் போட்டுக்கொண்டு திரிஞ்சது ஒரு மாடு."

பெடியன் எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமையே திரும்பி வந்து, தானாகவே முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். ஆசை அப்படி.

ஸ்ரூடியோவில் மூன்றாவது ஆள் யோகன். இருட்டறை வேலையும் விளக்குப் பிடிப்பதும் அவருடையது. கழுத்தில் எப்போதும் ஒரு துவாய், விரல் நுனிகளில் மருந்துக் கறை. எல்லோரும் அவரை யோகண்ணை என்பார்கள். நான் மட்டும் அவரை எந்தச் சொல் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "தண்ணி நிரப்பியாச்சு", "சாப்பாடு வந்திட்டுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அவருக்கு அது விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

நாட்டில் யுத்தப் பிரச்சினைகள் கூடி, வீட்டுக்கொரு பெடியனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கிய காலம் வந்தது. யோகனின் தகப்பனும் காணி ஒன்றை விற்று அவரை ஏஜென்சிக்காரரோடு அனுப்ப ஏற்பாடு செய்தார். பயணம் சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றார். மாஸ்டர் உள்ளே போய் அந்த ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்ரூடியோ வாசலைத் தாண்டி ஒருநாளும் போகாத உடுப்பு அது.

"அங்கை குளிராம். இந்தா, கொண்டு போ" என்றார்.

"வேண்டாம் மாஸ்டர், இஞ்சை படத்துக்கு வேணுமெல்லே."

"படம் கிடக்கட்டும். போடு."

இத்தனை காலம் விளக்குக்குப் பின்னால் நின்றவர் அன்றைக்குத்தான் அதை முதல் தடவை போட்டார். அவருக்குச் சற்றுப் பெரிது. கழுத்துப்பட்டி ஒருபக்கம் மடிந்து கிடந்தது. நான் கிட்டப் போய் மாஸ்டரைப் போலவே புறங்கையால் அதைத் தட்டிவிட்டேன். "வாறன் தவம்" என்றார். என் முழுப்பெயர் தவமணி. அவர் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. ஊரையே படமெடுத்த இடத்தில், ஜக்கெட்டோடு நின்ற அவரை ஒரு படம் எடுக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாரிஸில் இருப்பதாக மாஸ்டருக்கு இரண்டு தடவை எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

காலம் போனது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டுக்குச் சின்னச் சின்னக் கலர்ப் படங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். பனிக்குள்ளே, யாருடையதோ காருக்குப் பக்கத்தில், நீரூற்றுக்கு முன்னால். வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து, "பெருப்பிச்சுத் தாங்கோ, சுவரிலை மாட்ட வேணும்" என்பார்கள். மாஸ்டருக்கு அதில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. "படத்திலை கண்டதை வாயிலை கொண்டு வராதை." கல்யாணத் தரகர்களும் அயலவர்களும் எங்களிடம் விசாரிப்பார்கள், அதனால்தான்.

கொக்குவிலில் ஒரு வீட்டார் கொண்டுவந்த படத்தைப் பெருப்பித்து மேசையில் வைத்து, தூரிகையை எடுத்தேன். தோல் ஜக்கெட்டோடு ஒரு பெடியன் பாலத்தின்மேல் நின்றான். கழுத்துப்பட்டியின் இடது முனையில் முக்கோணமாக ஒரு மண்ணிறம். பொலிஷ் உரிந்து போயிருந்தது. என் கை தன்பாட்டில் மைக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஓம். அதுதான்" என்றார். "யோகன் வித்திருப்பான். இல்லாட்டி..." என்றுவிட்டுப் படத்தை மேசையில் வைத்தார். கொக்குவில்காரரிடம் மெல்ல விசாரித்தேன். அவர்களுக்கு யோகன் என்ற பெயரே தெரியவில்லை.

சில மாதம் கழித்துச் சாவகச்சேரி வீடொன்றில் இருந்து இன்னொரு வெளிநாட்டுப் படம் வந்தது. வேறு முகம், அதே ஜக்கெட். எனக்கு ஒருபக்கம் நெஞ்சு ஆறியது. உடுப்பு இருக்கிறது, கை மாறி மாறிப் போகிறது, அப்படியானால் அவரும் எங்கோ பக்கத்தில்தான் நிற்பார். மறுபக்கம் பயமாக இருந்தது. குளிருக்கென்று கொடுத்த உடுப்பை ஒருவர் ஏன் கழற்றுவார்? ஒவ்வொரு வெளிநாட்டுப் படம் வரும்போதும் முகத்தைப் பார்க்க முதல் கழுத்துப்பட்டியைப் பார்க்கிறவளாகிவிட்டேன்.

மூன்றாவது படத்தைப் புத்தூரில் இருந்து ஒரு தாயும் மகளும் கொண்டுவந்தார்கள். மகளின் பெயர் கௌரி. படத்தில் இருந்தது அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, பாலன். தாய் படத்தை என் முன்னால் வைத்து, "உடுப்பைப் பாரும் பிள்ளை. வசதியில்லாட்டி உப்பிடி ஒரு ஜக்கெட் போட ஏலுமே? அங்கை பெரிய கொம்பனியிலை வேலையாம்" என்றார். நான் உடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பின் மேல்முனையில் இரண்டு பல் உடைந்திருந்தது. அது எங்கள் காலத்தில் இல்லை.

படத்தை எடுக்கக் கௌரி தனியாக வந்தாள். உறையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒவ்வொரு நாளும் படம் பாக்கிறனீங்கள். இவர் எப்பிடிப்பட்டவர் எண்டு ஏதும் தெரியுதோ? அம்மாவுக்கு உடுப்புப் போதும். எனக்கு ஆளைத் தெரிய வேணும்."

மாஸ்டர் இருட்டறைக்குள் இருந்தார். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் அவள் பனிநாட்டுக்குப் போய் இறங்கும்போது அந்த ஜக்கெட்டைத் தேடுவாள். சொன்னால் கல்யாணம் குழம்பலாம், மாஸ்டரின் வாக்கும் போய்விடும். இதற்கு நடுவில் யோகன் எங்கே என்ற என்னுடைய கேள்வியும் இருந்தது. 

"ஆளை எனக்குத் தெரியாது கௌரி. ஜக்கெட்டைத் தெரியும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டையும், மற்ற இரண்டு படங்களையும், யோகன் என்றொருவர் அதைப் போட்டுக்கொண்டு போனதையும். "இது மாப்பிள்ளையின்ரை சொந்த உடுப்பில்லை. ஆனா அதுக்காக அவர் கூடாத ஆளெண்டு நான் சொல்லேல்லை. நீர் கதைக்கேக்கை, ஜக்கெட் எங்காலை வந்தது எண்டு ஒருக்காக் கேளும்."

அவள் படத்தை உறைக்குள் வைத்தாள். "கொழும்பிலை மாமா வீட்டை ரெலிபோன் இருக்கு. பேப்பர் அலுவலாப் போறம். அங்கை அவர் போன் எடுத்துக் கதைப்பார்" என்றாள். அவள் முகத்தில் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "இனி அந்தப் பிள்ளை வந்து சொல்லுமட்டும் உமக்கு நித்திரை வராது" என்றார்.

அது உண்மைதான். கிழமைகள் போயின. கௌரி கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்தபோது நான் சீப்பையும் பவுடரையும் எடுத்துவைத்தேன். அவளே தொடங்கினாள்.

"கேட்டனான் அக்கா. முதல் சிரிச்சார். பிறகு அழுதிட்டார்."

"என்ன சொன்னவர்?"

"அது எங்கடை அறையின்ரை ஜக்கெட் எண்டார். ஒரு அறைக்குள்ளை கனபேராம். முறை வைச்சுப் படுக்கிறதாம். வீட்டுக்குப் படம் அனுப்பிறவன் அதைப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்திட்டு வந்து திருப்பி ஆணியிலை மாட்ட வேணுமாம். கொம்பனியுமில்லை ஒண்டுமில்லை, சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறன் எண்டார். இனி உம்மடை விருப்பம் எண்டார்."

நான் அவள் கழுத்தில் பவுடரை ஒற்றினேன்.

"யோகன் எண்டவர்தான் அதை அறைக்குக் கொண்டந்தவராம். லொறி ஒண்டிலை ஒளிச்சு லண்டனுக்குப் போகேக்கை, பெடியள் படமெடுக்க இருக்கட்டும் எண்டு விட்டிட்டுப் போனவராம். போய்ச் சேந்தவரோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம் அக்கா."

பவுடர் பெட்டியை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி திறந்து மூடினேன்.

"நீர் என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டேன்.

"நான் போறன். அம்மாவுக்குச் சொல்லேல்லை. கேட்ட உடனை உண்மையைச் சொன்ன மனுசன். பொய்யை வைச்சுக்கொண்டு இருக்கத் தெரியாத ஆளோடை சீவிக்கலாம்."

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கடவுச்சீட்டுப் படம் எடுத்து முடிந்ததும், "எழும்பாதையும் பிள்ளை. மாப்பிள்ளைக்கு அனுப்ப ஒண்டு எடுப்பம்" என்றார். நான் வழக்கம் போல ஸ்ரூடியோவின் முலாம் பூசிய கில்ட் சங்கிலியையும் தோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"உம்மடை உடுப்போடையே இரும். அந்த வீட்டுக்கு ஒரு இரவல் படம் போதும்."

நூல் சீலையோடு, வெறும் கழுத்தோடு கௌரி உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் நான் ஒரு புள்ளிகூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த துன்பங்களெல்லாம் போரில் ஊர் முழுவதற்கும் வந்தவைதான். பிலிமும் மருந்தும் வருவது நின்றது. சனமெல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்ட இடப்பெயர்வில் நாங்களும் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது ஸ்ரூடியோ இருந்த இடத்தில் கூரை இல்லை. சண்டிலிப்பாய் வீட்டில் கதவு யன்னல்கூட மிஞ்சவில்லை. மாஸ்டர் கொழும்பில் மகள் வீட்டில் காலமானார், போக முடியவில்லை. நான் வேறு ஸ்ரூடியோக்களில் வேலை செய்தேன். கணினியும் பழகினேன். கண் மங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். கல்யாணம் செய்யவில்லை. அதற்குக் காரணங்கள் பல, எல்லாவற்றையும் ஒரு ஜக்கெட்டின் தலையில் போட்டுவிட முடியாது.

போன வருடம் பாலன் தன் தகப்பனுடைய ஆடி அமாவாசைக் கடமைக்காகக் கீரிமலைக்கு வந்தார். திரும்பும் வழியில் கௌரி அவரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். படத்தில் மட்டுமே பார்த்த மனிதர், வேட்டியோடும் ஈரத் தலையோடும் என் கதிரையில் இருந்தார். பாரிஸில் அவர்கள் சாப்பாட்டுக் கடை வைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வீடும் வாங்கியிருந்தார்கள். அந்த ஜக்கெட் என்னவாயிற்று என்று நானே கேட்டேன். அறை கலைந்தபோது யார் கொண்டுபோனது என்று பாலனுக்குத் தெரியவில்லை.

"ஆனா அக்கா," என்றார் பாலன், "யோகண்ணையைக் கண்டுபிடிச்சிட்டன். லண்டனுக்குக் கிட்ட ஒரு ஊரிலை இருக்கிறார். போன மாசம்தான் கதைச்சனான். கதைக்கப் போறியளோ?"

நான் ஓம் என்று சொன்னேனா என்றே நினைவில்லை. கௌரி தன் கைத்தொலைபேசியில் எண்ணை அழுத்தி என் காதில் வைத்துவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள்.

"ஹலோ" என்ற குரல் கிழடாகியிருந்தது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. பேரப்பிள்ளையாம். மாஸ்டரின் சாவைச் சொன்னேன். 

"ஏன் பிறகு எழுதேல்லை?" என்றேன்.

"என்னத்தை எழுதுறது தவம்? கோப்பை கழுவுறன் எண்டோ? நல்லா வந்தாப் பிறகு எழுதுவம் எண்டு விட்டன். நல்லா வரக் கனகாலம் எடுத்திட்டுது. பிறகு எழுத முகமில்லை."

"மாஸ்டர் தந்த ஜக்கெட்டை ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்? அந்தக் குளிருக்கை?"

அவர் சிரித்தார். "அதோ? அது குளிருக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. பாரம் மட்டுந்தான், காத்து உள்ளுக்கை போய் வரும். படத்துக்குத்தான் சரி. ஒரு கம்பளிக் கோட்டுக் கிடைச்ச உடனை கழட்டினனான். அது என்ன நிறம், கறுப்போ, மண்ணிறமோ? மறந்துபோச்சு."

கறுப்பு என்று சொன்னேன். இத்தனை வருடங்களாக அவர் அதற்குள் சூடாக இருப்பதாக ஒரு காலமும், அது இல்லாமல் விறைத்துப் போனதாக ஒரு காலமும் நான் கழித்திருக்கிறேன். அதையெல்லாம் ரெலிபோனில் எப்படிச் சொல்வது?

குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் போல. அங்கே சத்தம் அடங்கியது. வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"தவம், நாவல்பழ நிறத்திலை ஒரு சீலை உடுத்துவீர். கரையிலை சின்னச் சின்ன மஞ்சள் மாங்காய். வெள்ளிக்கிழமையளிலை. அந்தச் சீலையோடை நீர் இருட்டறைக் கதவடிக்கு வந்து நிண்டு தண்ணி நிரப்பியாச்சு எண்டு சொல்லுவீர். சிவப்பு வெளிச்சத்திலை அது கறுப்பாத் தெரியும். வெளியிலை வந்து பாத்தா நாவல். லொறிக்குள்ளை ஒளிச்சிருக்கேக்கை அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."

எனக்கு அப்படியொரு சீலை இருந்தது ஞாபகமே இல்லை. இருந்திருக்க வேண்டும். வீட்டோடு போன எத்தனையோவில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

"இப்பவும் வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கு" என்றேன்.